மூன்று பிழைகளுக்கு இடமுள்ள உயரம்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள்.

போன தவணையில் தரம் 9 வகுப்பில் ஒரு மாணவன் எழும்பிக் கேட்டான்: "சேர், றிமோட் பிளேன் ஓட்டப் பழக எத்தன நாள் எடுக்கும்?" வகுப்பே சிரித்தது. வெட்கத்தோடு சொல்கிறோம், நாமும் சேர்ந்து சிரித்துவிட்டு, "முதல்ல வரலாறு வினாத்தாளுக்குப் பதில் எழுதப் பழகுங்க" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டோம். அதன் பிறகு அந்தத் தவணை முழுக்க அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் எமக்குத் தெரியாது என்பதும், தெரியாத ஆள்தான் முதலில் சிரிக்கிறான் என்பதும் உறுத்திக்கொண்டே இருந்தது. கூடவே இன்னொரு ஞாபகம். எமது நண்பர் ஒருவர் கட்டாரிலிருந்து லீவில் வரும்போது ஃபோமில் செய்த ஒரு விமானம் கொண்டுவந்தார். பெட்டியைத் திறந்து, இறக்கையைப் பூட்டி, பெட்டரியைச் செருகினால் பறக்கும் என்று பெட்டியிலேயே எழுதியிருந்தது. அறுவடை முடிந்த வயலுக்கு அதிகாலையில் போனோம். பறந்தது, உண்மைதான். பதினைந்து விநாடி இருக்கும். அப்பால் போனது திரும்பி எம்மை நோக்கி வந்தது. அவர் ஒரு பக்கம் தள்ள, அது மறுபக்கம் சரிந்து, மூக்கு வரம்பில் குத்தியது. அந்தப் பெட்டி இன்றைக்கும் அவர் வீட்டு அலுமாரிக்கு மேலேதான் இருக்கிறது. அன்று அவருக்குப் பக்கத்தில் நின்றவர்கள் நாம். எமக்கும் ஒன்றும் தெரியாது.

ஏன் அது மறுபக்கம் சரிந்தது என்று தேடப் போய்த்தான் இந்த வரலாறு கிடைத்தது. ஒரு பொழுதுபோக்கின் வரலாறுதான். ஆனால் வாசிக்க வாசிக்க, கற்பித்தலின் வரலாறு போலவே எமக்குத் தெரிந்தது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்ற ஊர். வால்டர் குட், வில்லியம் குட் என்று இரட்டைச் சகோதரர்கள். ஒருவருக்கு மாதிரி விமானம் கட்டுவதில் பைத்தியம், மற்றவருக்கு வானொலியில் பைத்தியம். 1937 ஆம் ஆண்டில் சுமார் எட்டு அடி இறக்கை கொண்ட 'பிக் கஃப்' என்ற விமானத்தை நிலத்தில் நின்றபடி வானொலி அலையால் ஓட்டினார்கள். இத்துறையின் ஆரம்ப வெற்றிகளில் முதலில் சொல்லப்படுவது அதுதான். அந்த விமானம் பின்னர் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போனது. எமக்கு இதில் பிடித்த விடயம் வேறு. ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது. ஆரம்பமே இரண்டு பேர்தான். தனியாளின் கதை அல்ல.

அந்தக் காலத்துக் கருவிகளை இப்போதைய பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். கையில் இருந்தது ஒரே ஒரு பொத்தான். அதை அழுத்தினால் விமானத்துக்குள் இருக்கும் ரிசீவர், முறுக்கி வைத்த இறப்பர் பட்டியின் விசையை ஒரு படி அவிழ்த்துவிடும். கடிகாரத்துக்குள் பல்சக்கரம் ஒவ்வொரு பல்லாக நகர்வது போல. ஒருமுறை அழுத்தினால் வால் சுக்கான் வலப்பக்கம், விட்டால் நேர், மறுபடி அழுத்தினால் இடப்பக்கம். கடைசியாக எந்தப் பக்கம் திரும்பியது என்பதை ஓட்டுபவர்தான் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். மறந்தால் போச்சு. இறப்பரின் முறுக்குத் தீர்ந்தாலும் போச்சு.

ஆனால் ஒரு வசதி இருந்தது. அப்போதைய விமானங்கள் தாமாகவே பறக்கும்படி கட்டப்பட்டவை. ஓட்டுபவர் கையை எடுத்துவிட்டால் அது தன்பாட்டில் நேராகிப் பறக்கும். ஆகவே புதிதாக வருபவருக்குப் பழக்க வேண்டியது மைதானத்தில் அல்ல, மேசையில். பல்சா மரத்தைச் சீவுவது, மெல்லிய தாளை இழுத்து ஒட்டுவது, இறக்கை முறுகாமல் காயவைப்பது என்று மாதக்கணக்கில் ஒரு மூத்தவரின் பக்கத்தில் இருந்து கற்றார்கள். பறப்பது கடைசி ஒரு நாள் வேலை.

1960களில் இது தலைகீழானது. ஸ்டிக்கை எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவு மட்டுமே சுக்கான் அசையும் விகிதாசாரக் கட்டுப்பாடு புழக்கத்துக்கு வந்தது. உண்மையான விமானம் செய்யும் வித்தை எல்லாம் இப்போது சிறு விமானமும் செய்யலாம். வித்தை செய்யும் விமானம் தன்பாட்டில் நேராகாது. ஒவ்வொரு விநாடியும் ஓட்டவேண்டும். மாதக்கணக்கில் கட்டியதைப் புதியவர் ஒருவர் அரை நிமிடத்தில் விறகாக்கிவிடலாம்.

இங்கேதான் எமது நண்பரின் விமானத்துக்கும் பதில் இருக்கிறது. விமானம் எம்மை விட்டுப் போகும்போது அதன் வலம் எமது வலம். எம்மை நோக்கி வரும்போது அதன் வலம் எமது இடம். கையிலிருக்கும் ஸ்டிக்குக்கு அது தெரியாது. இதை வாயால் சொன்னால் எல்லோருக்கும் விளங்கும். விமானம் முகத்துக்கு நேரே வரும்போது ஒருவருக்கும் விளங்காது. பழைய ஓட்டுநர்கள் இதற்கு ஒரு சுருக்கம் வைத்திருக்கிறார்கள்: விமானம் உன்னை நோக்கி வந்தால் வலம் இடம் யோசிக்காதே, எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளு, தாழ்ந்த இறக்கைக்கு முட்டுக் கொடுப்பது போல. அவ்வளவுதான். ஒரே ஒரு வசனம். வயலில் எமக்குப் பக்கத்தில் அந்த வசனம் தெரிந்த ஒரு ஆள் நின்றிருந்தால் பெட்டி அலுமாரிக்கு மேலே போயிருக்காது.

இன்னொரு சொல்லும் அவர்களிடம் உண்டு. புதியவருக்கு முதலில் சொல்வது, "மூன்று பிழை உயரத்தில் பற" என்பது. ஒரு பிழை விட்டு, அதைத் திருத்தப் போய் இன்னொரு பிழை விட்டு, பதற்றத்தில் மூன்றாவதும் விட்ட பிறகும் நிலத்தில் மோதாமல் இருக்கும் உயரம். மாணவன் பிழை விடுவான் என்பதைக் கணக்கில் எடுத்து, அதற்கு வானத்தில் இடம் ஒதுக்கிக் கொடுக்கிறார்கள். கல்வியியற் கல்லூரியில் எவ்வளவோ கோட்பாடுகள் படித்தோம், இப்படிச் சுருக்கமாக யாரும் சொல்லித்தந்ததாக ஞாபகம் இல்லை.

ஆரம்பத்தில் பழக்கும் முறை எளிமையானது, ஆபத்தானதும்தான். தெரிந்தவர் விமானத்தை மேலே ஏற்றி, சமப்படுத்தி, கையிலிருக்கும் ட்ரான்ஸ்மிட்டரைப் புதியவரிடம் கொடுப்பார். பிசகினால் பறித்தெடுப்பார். கைமாறும் அந்த ஒரு விநாடியில் எத்தனை விமானங்கள் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பறிக்கப்படும் மாணவனின் நிலையையும் யோசித்துப் பாருங்கள். நாமும் பிள்ளைகளின் கையிலிருந்து பேனையைப் பறித்துச் சரியான விடையை எழுதிக் காட்டியிருக்கிறோம்.

பிறகு வந்ததுதான் 'பட்டி பொக்ஸ்', தோழன் பெட்டி. இரண்டு ட்ரான்ஸ்மிட்டர்களை ஒரு வயரால் இணைப்பார்கள். ஒன்று ஆசான் கையில், மற்றது மாணவன் கையில். ஆசானின் பெட்டியில் ஸ்பிரிங் வைத்த ஒரு சுவிட்ச் இருக்கும். அதை அவர் இழுத்துப் பிடித்திருக்கும் வரைக்கும் விமானம் மாணவனுடையது. விரலை விட்டதும் அதே கணத்தில் ஆசானிடம் வந்துவிடும். பறிப்பு இல்லை, சத்தம் இல்லை. இப்போது வயர்கூட இல்லாமல் இது நடக்கிறது.

அந்த ஸ்பிரிங்கின் திசையைக் கவனியுங்கள். ஆசான் ஒன்றும் செய்யாமல் இருந்தால் விமானம் ஆசானிடம்தான் இருக்கும். மாணவன் ஓட்டும் ஒவ்வொரு விநாடியும் ஆசான் தன் விரலால் அதைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டுக்கொடுப்பது சும்மா இருப்பது அல்ல, விரல் வலிக்கும் வேலை.

ஆசிரியர் பயிற்சியில் இருந்தவர்களுக்கு 'சாரக்கட்டு' என்ற சொல் ஞாபகம் இருக்கும். வூட், புரூனர், ரொஸ் என்ற மூவர் 1976 இல் எழுதிய கட்டுரையில் வந்த உவமை அது. வைகொட்ஸ்கியின் அண்மைய விருத்தி வலயத்தோடு சேர்த்துத்தான் எமக்குக் கற்பித்தார்கள். பரீட்சைக்கு வரைவிலக்கணம் மனனமிட்டு எழுதினோம். அது என்னவென்று உண்மையில் விளங்கியது இந்தப் பெட்டியைப் பற்றி வாசித்தபோதுதான். இல்லை, சரியாகச் சொன்னால், சிறுவயதில் நானா சைக்கிள் பழக்கியபோதே விளங்கியிருந்தது, பெயர்தான் தெரியவில்லை. பின் சீற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவர் எந்த இடத்தில் கையை எடுத்தார் என்று எமக்கு இன்றுவரைக்கும் தெரியாது.

விரலை எப்போது விடுவது என்பதுதான் ஆசானின் முழுத் திறமையும். சீக்கிரம் விட்டால், மாணவன் பிழையைத் திருத்தும் முன்பே விமானம் பறிபோகும். அவன் கற்பது பயத்தை மட்டும். பிந்தி விட்டால் விமானமே இருக்காது. உயரம் இருந்தால் பொறுக்கலாம். மூன்று பிழை உயரம் உண்மையில் ஆசானுக்கான உயரம் என்றும் சொல்லலாம்.

விமானங்களும் பழகுபவருக்காகவே வரையப்பட்டன. கிளோட் மக்கலோ என்பவர் வரைந்த 'கடெட்' வகை இதற்குப் பேர்போனது. இறக்கை உடலுக்கு மேலே இருக்கும், இரு நுனிகளும் சற்று மேல்நோக்கி வளைந்திருக்கும், மெதுவாகப் பறக்கும். சரிந்தாலும் தானாக நேராகப் பார்க்கும். சிறுவர்களுக்கு ஃபிராங்க் எஹ்லிங் என்பவர் 'டெல்டா டார்ட்' என்ற ஒன்றை வரைந்தார். றிமோட் இல்லை, இறப்பர் பட்டியில் பறப்பது. அதன் சூட்சுமம் என்னவென்றால், வரைபடமே மெல்லிய தாளில் அச்சிடப்பட்டிருக்கும். கோட்டின் மேல் பல்சாக் குச்சியை ஒட்டி, தாளை வெட்டியெடுத்தால் அதுவே இறக்கை. வரைபடம் வேறு, விமானம் வேறு இல்லை. ஒரு பாடவேளைக்குள் பிள்ளை ஒன்றைச் செய்து முடித்துப் பறக்கவிடலாம். செயலட்டை தயாரிக்கும் ஆசிரியர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இவ்வளவையும் வாசிக்கும்போது மைதானங்களில் எல்லோரையும் கட்டியணைத்து வரவேற்றார்கள் என்று நினைக்க வேண்டாம். வேலியோரம் வந்து நிற்கும் புதியவரை ஒருவரும் திரும்பிப் பார்க்காத கழகங்களும் இருந்தன, இருக்கின்றன. "இதையா வாங்கினாய்?" என்று விமானத்தைப் பார்த்துச் சிரிப்பவர்களும் உண்டு. அப்படி ஒரு நாள் வந்து போனவர் மறுபடி வருவதில்லை. தரம் 9 மாணவனுக்கு நாம் செய்ததும் இதே வேலைதான்.

ஆனால் பழையவர்களின் கடுமைக்கு ஒரு காரணம் இருந்தது. அதையும் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை.

அமெரிக்காவில் 72 மெகாஹேட்ஸ், பிரித்தானியாவில் 35 மெகாஹேட்ஸ் என்று மாதிரி விமானங்களுக்கு அலைவரிசைகள் ஒதுக்கப்பட்டிருந்தன. அதற்குள் இலக்கமிட்ட சில தடங்கள். ஒரே தடத்தில் இரண்டு பேர் ட்ரான்ஸ்மிட்டரைப் போட்டால், வானத்தில் இருக்கும் விமானம் விழும். வேறு வழியே இல்லை. ஆகவே மைதானத்தில் ஒரு பலகை இருக்கும், அதில் உடுப்புக் காயப்போடும் கிளிப்புகள், ஒவ்வொன்றிலும் தடத்தின் இலக்கம். உமது இலக்கத்தின் கிளிப்பை எடுத்து ஏரியலில் மாட்டிய பிறகே சுவிட்ச்சைப் போடலாம். கிளிப் இல்லையென்றால் அதை வைத்திருப்பவர் இறக்கும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். விடயம் தெரியாத ஒரு பையன், புதுக் கருவி வேலை செய்கிறதா என்று கார் நிறுத்துமிடத்தில் நின்று சும்மா போட்டுப் பார்த்தால், யாரோ ஒருவரின் ஆறு மாத உழைப்பு மண்ணில். புதியவரைக் கண்டதும் பெரியவர்களின் முகம் ஏன் கடுத்தது என்பது இப்போது விளங்கும்.

ஆனால் அதே கிளிப்தான் புதியவரை மூத்தவரிடம் கொண்டுவந்து சேர்த்ததும். அதை எடுக்க வேண்டுமென்றால் ஒருவரிடம் பேசித்தான் ஆகவேண்டும். "தம்பி, எந்தத் தடம்?" என்ற கேள்வியில் தொடங்கி, "முதல் தடவையா? கொண்டாரும் பார்ப்பம்" என்பது வரைக்கும் போய்விடும். ஸ்டிக்குகளின் அமைப்பு இதற்குச் சாட்சி. எஞ்சின் வேகம் இடது ஸ்டிக்கில் இருப்பது ஒரு முறை, வலது ஸ்டிக்கில் இருப்பது இன்னொரு முறை. அமெரிக்காவில் பெரும்பாலும் இடது, ஜப்பானில் வலது நெடுங்காலம் பழக்கத்தில் இருந்தது. எது சிறந்தது என்று சண்டை பிடிப்பார்கள். ஆனால் ஒருவர் எந்த முறையில் ஓட்டுகிறார் என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது அவருக்குப் பழக்கியவரின் முறைதான். உஸ்தாதின் ஓதல் மாணவனின் நாவில் இருப்பது போல, ஆசானின் கை மாணவனின் கையில் இருந்தது.

சங்கங்கள் இதை ஒரு ஒழுங்குக்குள் கொண்டுவந்தன. அமெரிக்காவில் 1936 இல் தொடங்கிய மாதிரி விமானவியல் சங்கம், புதியவர் ஒருவர் உறுப்பினராகாமலே சில வாரங்கள் பயிற்றுநரோடு பறந்து பார்க்க வழி வைத்தது. பிரித்தானியாவில் 1922 இல் தொடங்கிய சங்கத்தின் இன்றைய வடிவம் 'ஏ' சான்றிதழ் என்று ஒன்று வைத்திருக்கிறது. பரீட்சகர் பக்கத்தில் நிற்பார். பறக்க முன் சோதனை, ஏற்றம், எட்டு வடிவில் ஒரு சுற்று, எஞ்சின் நின்றுவிட்டதாகப் பாவித்து ஒரு இறக்கம், பின்னர் பாதுகாப்பு விதிகளில் சில கேள்விகள். வித்தை ஒன்றும் கேட்பதில்லை. இவரைத் தனியே விட்டால் மற்றவர்களுக்கு ஆபத்து வராதா என்பதை மட்டும் பார்க்கிறார்கள்.

இந்த வரலாற்றில் எம்மை அதிகம் தொட்ட மனிதர் மேனார்ட் ஹில். வால்டர் குட் வேலை செய்த ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடத்திலேயே வேலை செய்தவர். மாதிரி விமானத்தில் உலக சாதனைகள் பல வைத்திருந்தார். முதுமையில் கண் பார்வை பெரும்பாலும் போய்விட்டது, காதும் மங்கிவிட்டது. அந்த நிலையில்தான் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடக்கும் மாதிரி விமானம் ஒன்றைக் கட்டத் தொடங்கினார். எரிபொருளோடு சேர்த்து ஐந்து கிலோவைத் தாண்டக்கூடாது என்பது விதி. முந்தைய முயற்சிகள் தோற்றன. 2003 ஆகஸ்ட் மாதம், தனது 77 ஆவது வயதில், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் இருந்து அந்தப் பல்சா விமானத்தைத் தன் கையாலேயே வீசினார். நடுக்கடலில் அது தானியங்கியாகப் பறந்தது. 38 மணி 52 நிமிடம், மூவாயிரம் கிலோமீற்றருக்கு மேல், ஒரு கலனுக்கும் குறைந்த எரிபொருள்.

மறுகரையில், அயர்லாந்தின் கிளிஃப்டன் என்ற ஊருக்கு அருகில், டேவ் பிரவுண் என்பவர் ட்ரான்ஸ்மிட்டரோடு காத்திருந்தார். 1919 இல் அல்கொக், பிரவுண் இருவரும் முதன்முதலாக நிற்காமல் அத்திலாந்திக்கைக் கடந்து வந்து இறங்கிய அதே பகுதி. விமானம் கண்ணுக்குத் தெரிந்ததும் அவர் கட்டுப்பாட்டை எடுத்து இறக்கினார். கட்டி வீசியவர் ஒரு கண்டத்தில், இறக்கியவர் இன்னொரு கண்டத்தில். தோழன் பெட்டியின் வயரை இவ்வளவு தூரத்துக்கு யாரும் இழுத்ததில்லை.

அதற்குச் சற்றுப் பின்னர், 2005 அளவில், 2.4 கிகாஹேட்ஸ் கருவிகள் கடைக்கு வந்தன. ஒவ்வொரு ரிசீவரும் தன் ட்ரான்ஸ்மிட்டரை மட்டும் அடையாளம் காணும். மற்றவரின் அலையோடு மோதாது. கிளிப்புப் பலகைக்கு வேலை இல்லை. எல்லோருக்கும் பெரிய நிம்மதி. ஆனால் காரணம் போன பிறகும் சில இடங்களில் கடுமை மட்டும் நின்றுவிட்டது. பேச்சுத் தொடங்கும் சாட்டு இல்லாமல் போனது. ஃபோம் விமானம் வந்தது, கட்டும் மேசை தேவையில்லை. விமானத்தைத் தானே நேராக்கும் ஜைரோ வந்தது. 2013 இல் ஃபான்டம் போன்ற ட்ரோன்கள் வந்தன. கையை எடுத்தால் வானத்தில் அப்படியே நிற்கும். எமது ஊர்க் கல்யாண வீடுகளில் தலைக்கு மேல் நிற்பதும் அந்த வம்சம்தான். யாரிடமும் கேட்காமல், யாருக்கும் முகம் கொடுக்காமல் ஒருவர் பறக்கலாம்.

அந்த வெற்றிடத்துக்குள் அரசாங்கங்கள் வந்தன. அமெரிக்காவில் 2015 டிசம்பரில் 250 கிராமுக்கு மேற்பட்டவற்றுக்குப் பதிவு. பிரித்தானியாவில் 2019 நவம்பரில். அமெரிக்காவில் 2021 முதல் ஒரு இலவச இணையப் பரீட்சையும் உண்டு. பிழையான விடை கொடுத்தால் திருத்திக் காட்டி, சரியாகும் வரைக்கும் விடும். விதி தேவைதான். மனிதர்களின் தலைக்கு மேல் பறக்கும் பொருள், விளையாட்டில்லை. இங்கும் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகள் இருக்கின்றன, பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்க முன் பெற்றோர் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆனாலும் எமது பார்வையில், திரையில் சரியைத் தொடுவதும், பரீட்சகர் ஒருவர் பக்கத்தில் நிற்க எட்டு வடிவம் போடுவதும் ஒன்றல்ல. தாழ்ந்த இறக்கைக்கு முட்டுக் கொடு என்று காதருகே சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

சரி, எமது கதைக்கு வருவோம். இந்தத் தவணை தொடங்கிய முதல் கிழமையே அந்த மாணவனைக் கூப்பிட்டு, அன்று சிரித்ததற்கு வகுப்புக்கு முன்னால் மன்னிப்புக் கேட்டோம். அவனுக்கு என்ன செய்வதென்று தெரியாமல், "பரவால்ல சேர்" என்றான். கேள்விக்குப் பதிலும் சொன்னோம்: பழக்குவதற்கு ஆள் இருந்தால் சில வாரங்கள், இல்லாவிட்டால் பதினைந்து விநாடி.

பல்சா இங்கே கிடைக்காது. பட்டம் கட்டும் மூங்கில் சீவல், ரிசுத் தாள், இறப்பர் பட்டி, யோகட் கப்பில் வெட்டிய விசிறி. வரைபடத்தைத் தாளிலேயே கீறி, அதன் மேல் சீவலை ஒட்டச் சொன்னோம். முதல் கிழமை ஒன்றும் பறக்கவில்லை. மூங்கில் பாரம். பட்டம் கட்டத் தெரிந்த பையன்கள் சீவலை இன்னும் மெல்லிசாக்கினார்கள், அது எமக்குத் தெரியாத வேலை. போன வியாழக்கிழமை மண்டபத்துக்குள் இரண்டு பறந்தன. ஒன்று அவனுடையது.

நண்பரும் கேள்விப்பட்டு அலுமாரிக்கு மேலிருந்த பெட்டியை இறக்கியிருக்கிறார். பெட்டரி வீங்கிப் போயிருந்ததாம், அதைத் தொடவேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். உங்களில் யாராவது, அல்லது வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் உறவினர்களில் யாராவது, உண்மையாகவே இதை ஓட்டத் தெரிந்தவர் இருந்தால் கொமென்டில் சொல்லுங்கள். மைதானத்துக்கும் அனுமதிக்கும் நாம் பொறுப்பு. பக்கத்தில் நிற்க ஒரு ஆள்தான் தேவை.